பள்ளத்தில் தூண்டில்

கேலிச்சித்திரத்தில் கவுன்சிலர் தவமணி, தன் வார்டுச் சாலைப் பள்ளத்தில் தேங்கிய மழைநீரில் தூண்டில் போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இத வரைஞ்சவன் மேல கேஸ் போடாம விடமாட்டேன்" என்று குதித்தார் தவமணி.

"மொதல்ல அடியில இருக்கறதப் படிங்க" என்றாள் மனைவி அலர்மேல்.

எந்தப் படத்துக்கும், எந்தக் கமெண்ட்டுக்கும் கீழே அதன் உட்பொருளை இயந்திரமே எழுதிவிடும் காலம் அது.

'இவர் ரோடு போடுவார் என்று வரைந்தவர் இன்னும் நம்புகிறார்.'

தவமணி இரண்டு முறை படித்தார். தன்னை அவரே அப்படி நம்பியதில்லை.

பத்தாம் நாள் புதுத் தார்ச்சாலையில் நின்று அந்தப் படத்துக்குக் கமெண்ட் போட்டார்: "ரோடு போட்டாச்சு. இனிமே என்னை வரைஞ்சா நடக்கிறதே வேற."

இயந்திரம் கீழே எழுதியது: 'அடுத்த படத்துக்குக் காத்திருக்கிறார்.'

மறுநாள் படத்தில், எரியாத தெருவிளக்கில் அவர் மின்மினிப்பூச்சிகளைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். தவமணி சிரித்துக்கொண்டே லைன்மேனைக் கூப்பிட்டார்.