சிவதர்ஷன் ஊர் சுற்றுகிறான்

“இந்தக் கிழமை உன்ட மகன் எந்த ஊராம், தங்கச்சி?”

கடைக்கு வந்த எல்லோருக்கும் கேட்கும்படிதான் கேட்டார் கடைக்கார நல்லரத்தினம். தேற்றாத்தீவில் இப்போது எல்லாருடைய போனிலும் படம் படமாக ஊர் சுற்றுகிறவன் சிவதர்ஷன்தான்.

“கோட்டிங்கனாம்,” என்றாள் அவனுடைய தாய் கேதீஸ்வரி.

“போன கிழமை ஹைடெல்பேர்க். அதுக்கு முதல் மார்பேர்க். பொடியன் ஜேர்மனிக்குப் படிக்கப் போனவனா, படம் புடிக்கப் போனவனா?”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கேதீஸ்வரியும் சிரித்துச் சமாளித்துப் பருப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டுப் படலையைத் திறந்ததும் சிரிப்பு போய்விட்டது.

புருஷன் இல்லை. ஒரே பிள்ளை. ஒருத்திக்கு உலை வைக்க அரிசி அள்ளவே கை கூசும். வீட்டில் ஆள் பேசுவது போல் இருக்கட்டும் என்று டீவியைப் போட்டுவிட்டு, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு சமைப்பாள். ஞாயிறு பின்னேரம் மகன் போனில் எடுப்பான் என்பதில்தான் அவளுக்கு மற்ற நாட்கள் கழிந்தன. ஊர் சுற்றத் தொடங்கிய பிறகு அதுவும் நின்றுபோயிற்று.

அன்றைக்கு அவளே எடுத்தாள்.

“எங்க மனே நிக்கிறாய்?”

“ரயில் கோச்சியில அம்மா. விட்டு விட்டுத்தான் கேக்கும்.”

“உனக்கு அவ்வளவு வசதி வந்திட்டா?”

“மாணவர் ரிக்கட்டுக்கு மெதுவாப் போற கோச்சியில சும்மா ஏறலாம். படுக்கிறது ஆருமொரு பொடியன்ட அறையில, நிலத்தில. குளிர் கூடினா யுனிவேர்சிட்டி லைப்ரரிக்குள்ள போய் இருப்பன். ஆரும் எழும்பச் சொல்லமாட்டாங்க.”

“என்ன சாப்பிட்டாய்?”

“பேக்கரியில வாங்கின பாண்.”

“நான் மாசிக் கருவாடு இடிச்சுத் தந்த சம்பல்?”

“முடிஞ்சுபோச்சு அம்மா.”

“வருசம் பிறக்குமட்டும் காணும் எண்டுதானே தந்தனான்!”

அவன் சிரித்தான். அத்தோடு லைன் அறுந்துவிட்டது.

கேதீஸ்வரி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சம்பலை அவள் நேர்வழியில் அனுப்பவில்லை.

ஒருவன் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டால், அங்கே பிள்ளைகள் இருக்கிற வீட்டார் எல்லாம் பார்சலோடு வந்து நிற்பது ஊர் வழக்கம். சிவதர்ஷன் போகும்போதும் வந்தார்கள். “அந்தப் பக்கம் போனா எங்கட புள்ளயிட்டக் குடு மனே.” அவனும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவன். பேக் நிரம்பி வழிந்தது. அவன் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, கேதீஸ்வரி அத்தனை பார்சலையும் எடுத்து அலுமாரிக்குள் தள்ளினாள். அந்த இடத்தில் தன் சம்பல் போத்தல்களை அடைத்தாள். என் பிள்ளை வாய்க்கு ருசியில்லாமல் கிடக்க, ஊரார் பிள்ளைக்கா சுமக்கிறது? யாரும் கேட்டால் எயார்போட்டில் எடுத்துப்போட்டார்கள் என்று சொல்லிவிடலாம்.

மகன் இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் படலையில் யார் நின்றாலும், பார்சலைக் கேட்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று அவளுக்குப் படும்.

அடுத்த நாள் காலை நின்றவள், பின் ஒழுங்கைச் சின்னத்தங்கம். அவளும் பார்சல் தந்தவள்தான். கோட்டிங்கனில் இருக்கிற அவள் மகன் டிலக்சன், கல்யாணக் கதையொன்றில் கோபித்துக்கொண்டு இரண்டு வருசமாகத் தாயோடு பேசுவதில்லை.

“வாங்க சின்னத்தங்கக்கா… அது வந்து, எயார்போட்டில…”

சின்னத்தங்கம் அதைக் காதில் வாங்கவேயில்லை. ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

“டிலக்சன் நேத்து எடுத்தவன் கேதீசு! என்னோட கதைச்சவன்!”

“ஆ?”

“உன்ட மகன் அவன்ட அறையைத் தேடிப் போனவனாம். ‘இந்தா, உன்ட அம்மா குடுத்துவிட்டவ’ எண்டு சம்பலை நீட்டினானாம். கதவைச் சாத்த வந்தவன், அந்த மணத்துக்கு அப்பிடியே நிலத்தில இருந்திட்டானாம். ரெண்டு பேருமாப் பாணோட திண்டிருக்கானுகள். பொறகு உன்ட மகன்தான், ‘அம்மாக்கு ஒருக்கா எடு’ எண்டு போனைக் கையில குடுத்தவனாம். மத்தப் பிள்ளைகளிட்டயும் இப்பிடித்தானாம் ஊர் ஊராப் போறான்.”

கேதீஸ்வரிக்கு இப்போதுதான் புரிந்தது. பேக்கைத் திறந்த அன்றே மகனுக்கு எல்லாம் விளங்கியிருக்கிறது. தாயைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல், தன் சம்பலைப் பங்கு போட்டுக்கொண்டு அலைந்திருக்கிறான். தான் வெறும் பாணைத் தின்றிருக்கிறான். வெட்கத்தில் அவளுக்கு அழுகை வந்தது. இப்படியொரு பிள்ளையைப் பெற்றேனே என்றும் வந்தது.

“அழாத புள்ள. ‘அம்மா, உங்கட கைப்பக்குவம் அப்பிடியே இருக்கு’ எண்டு டிலக்சன் விம்மினான். எனக்கும் அழுகைதான்.”

சின்னத்தங்கம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளிக்கிட்டாள். படலைவரை போனவள் நின்று, திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தினாள்.

“நான் குடுத்துவிட்டது சம்பல் இல்ல, கேதீசு. காயவைச்ச கூனி இறால்.”

கேதீஸ்வரியின் கண் தன்னையறியாமல் அலுமாரிப் பக்கம் போனது.

“தாய்ட கை எது எண்டே மறந்துபோற அளவுக்கு அவன் தனியக் கிடந்திருக்கான். நான் அவனுக்கு ஒண்டும் சொல்லல்ல. உன்ட மகனுக்கும் சொல்லமாட்டன். அந்தக் கூனியை நாளைக்கு எடுத்துச் சுண்டு. நான் முருங்கை இலை கொண்டாறன், ரெண்டு பேருமா இருந்து சாப்பிடுவம்.”