மூடிப் பொத்தான்

“உட்டுபோடாத அம்மணி, அமுக்கிப் புடி!” என்றான் அருள்குமார்.

காப்பி சிடியை நேராகப் போட்டால் பிளேஸ்டேஷன் ஏற்காது; ஒரிஜினலில் ஆரம்பித்து நடுவில் மாற்ற வேண்டும். ஆனால் மூடி திறந்திருந்தாலும் அது ஓடாது. அதை ஏமாற்ற, உள்ளிருந்த பொத்தானை அவன் மனைவி புவனா அமுக்கிக்கொண்டாள். அவன் சட்டென்று ஒரிஜினல் சிடியை எடுத்துக் காப்பி சிடியை வைத்தான். கார் பந்தயம் ஆரம்பித்தது. முதல் வளைவிலேயே புவனாவின் கார் சுவரில் முட்டியது.

“காப்பி சிடி நேரா ஓடற மாதிரி உள்ளுக்குள்ள சிப் போட்டுட்டா இந்தக் கூத்தே வேண்டாமுங்களே?”

“நீ இருக்கறப்ப சிப் எதுக்கு?”

மறுநாள் லாரி மோதி அவன் இறந்துபோனான்.

சில மாதம் கழித்து, உக்கடத்தில் ஒரு வீடியோ கேம் ரிப்பேர் கடையில் புவனா பிளேஸ்டேஷன் பெட்டியை வைத்தாள். “சிப் போட்டுக் குடுங்க. பொத்தானைப் புடிக்க இப்ப ஆளில்லீங்க.”

கடைக்கார ஜாவித் விழித்தான். “அதுக்கு ஆளெதுக்குங்க அக்கா? தீக்குச்சியைச் சொருகினாப் போதும். அண்ணனுக்குப் பெட்டி வாங்கின அன்னைக்கே செஞ்சு காட்டினேனுங்களே!”

“அட மனுசா!” என்று புவனா சிரித்துவிட்டாள்.

சிப் போடாமலே வீடு திரும்பி, தீக்குச்சியைச் சொருகினாள். பந்தயம் ஆரம்பித்தது. முதல் வளைவிலேயே அவள் கார் வழக்கம்போல் சுவரில் முட்டியது.