ஐந்தாவது கேள்வி

"ஹலோ, நான் ரயான் பேசறேன். பெங்களூர்லேர்ந்து."

பொய். பேசியவன் ரகு. ஆனால் அந்தப் பொய்க்குத்தான் அவனுக்குச் சம்பளம்.

வைட்ஃபீல்டில் இருந்த அந்தக் கம்பெனி, குறைந்த செலவில் வெளிநாடு சுற்றிப் பார்க்கக் கிளம்பும் முஸ்லிம் குடும்பங்களுக்கு ரூம் பிடித்துக் கொடுக்கிறது. ஒரு ஹோட்டலை லிஸ்டில் சேர்க்கும் முன், முஸ்லிம் பெயரில் போன் போட்டு ஐந்து கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். ரகு பக்கத்து சீட்டுக்காரனின் பெயரை வைத்துக்கொண்டான். ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது ரயான் ஆகிவிடுவான்.

பக்கத்தில் ஹலால் சாப்பாடு கிடைக்குமா? தொழுவதற்கு எந்தத் திசை? பாத்ரூமில் தண்ணீர்க் குழாய் உண்டா? நோன்பு மாதத்தில் விடியுமுன் சாப்பாடு தருவார்களா? இந்த நாலும் ஹோட்டல்காரரிடம் கேட்பது. ஐந்தாவதைக் கேட்கக் கூடாது, போன் போட்டவனே எழுதிக்கொள்ள வேண்டும்: பெயரைச் சொன்னதும் குரல் மாறியதா?

அந்தக் கேள்வியைச் சேர்க்கச் சொன்னவன் ரயான்.

பாங்காக் ஹோட்டல்காரி சிரித்துச் சிரித்துப் பேசினாள். எதிர்ச் சந்திலேயே ஹலால் கடையாம். தொழுகை விரிப்பு இல்லையாம், வருவதற்குள் வாங்கி வைப்பாளாம். ஐந்தாவது கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினான் ரகு.

"என்ன ரகு பாய், எனக்கு ரூம் கிடைச்சுதா?" என்றான் ரயான்.

"ராஜ மரியாதைடா உனக்கு!"

"பாங்காக்ல கிடைக்குது, பினாங்குல கிடைக்குது. இந்தப் பெங்களூர்லதான் ஒண்ணும் அமைய மாட்டேங்குது."

ரகுவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ரயான் நாலு மாதமாக வீடு தேடுகிறான். மனைவியும் கைக்குழந்தையும் ஆம்பூரில், இவன் இங்கே பி.ஜி. விடுதியில். பார்க்கிற வீட்டுக்கெல்லாம் ஒரு நொட்டை. ஒன்றில் வெளிச்சம் இல்லை, ஒன்றில் தண்ணீர் வராது, ஒன்றில் நாய்.

ரகுவுக்கு அந்தச் சொகுசு கிடையாது. குடியிருக்கும் வீட்டை விற்றுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்தாக வேண்டும். மனைவி தீபிகாவுக்கு எட்டாம் மாதம்.

"மச்சான், காடுகோடியில ஒரு வீடு இருக்குடா," என்று ரயான் ஒரு நம்பரை அனுப்பினான். "நேத்து போய்ப் பாத்தேன். தமிழ்க்காரங்கதான். ரெண்டு பெட்ரூம், படி ஏற வேணாம். தீபிகாவுக்கு வசதி."

"அப்ப நீ ஏன் எடுத்துக்கல?"

ரயான் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். "பக்கத்துலயே மெட்ரோ. ஒரே சத்தம். பாப்பா தூங்காது."

"ஆமா, மகாராணி! இப்படியே நொட்டை சொல்லிட்டு இரு. உம்பொண்ணு ஸ்கூல் போற வயசுலதான் உங்கூட வந்து சேருவா. உனக்குக் கூட்டிட்டு வர மனசில்லடா, அதான் விஷயம்."

ரயான் சிரித்தான். அவ்வளவுதான்.

டீ குடிக்க எழுந்தபோது ரகு அந்த நம்பரை அழுத்தினான். நாக்கு பழகிப்போய்க் கிடந்தது.

"ஹலோ, நான் ரயான் பேசறேன்..."

நாக்கைக் கடித்துக்கொண்டான். திருத்திச் சொல்வதற்குள் எதிர்முனையில் குரல் மாறிவிட்டது.

"நேத்து நேர்ல வந்தப்பவே சொன்னேனே தம்பி! நாங்க சுத்த சைவம். உங்களுக்கெல்லாம் சரிப்பட்டு வராது. சும்மா சும்மா போன் பண்ணாதீங்க."

போன் வைக்கப்பட்டது.

வெளிச்சம் இல்லாத வீடு. தண்ணீர் வராத வீடு. நாய் இருந்த வீடு. ஒவ்வொன்றாக ரகுவுக்கு ஞாபகம் வந்தது.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ரயான் யாரோ ஒரு வாடிக்கையாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "பயப்படாமப் போங்க பாய். அங்க நல்லா பாத்துப்பாங்க."

டீ ஆறிவிட்டது. ரகு தீபிகாவைக் கூப்பிட்டான். "ஒரு நம்பர் அனுப்பறேன். உன் போன்லேர்ந்து பேசு. உன் பேரை முதல்ல சொல்லிடு."

பத்தே நிமிஷம். "வீடு இருக்காம்ங்க! ஏழு மணிக்கு வரச் சொல்லிட்டாங்க!" தீபிகாவுக்குச் சந்தோஷத்தில் மூச்சு வாங்கியது.

ஏழு மணிக்குப் போனபோது அந்த வீட்டுச் சந்து அமைதியாக இருந்தது. மெட்ரோ சத்தம் மருந்துக்கும் இல்லை. எங்கோ குக்கர் விசில் அடித்தது.

வீட்டுக்காரர் வைத்தீஸ்வரன் ரிட்டயர்டு அரசு அதிகாரி. வாய் நிறைய வரவேற்றார். "பாகீ, காபி கொண்டு வா!" என்று உள்ளே இருந்த மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

"நாங்க ஞாயித்துக்கிழமை கறி எடுப்போம் சார்..." தீபிகா பயந்துகொண்டே சொன்னாள்.

"அதனால என்னம்மா? எங்க பையனே சாப்பிடறான். மனுஷங்க நல்லவங்களா இருந்தா போதும்."

ரகு வாயைத் திறந்தான். தீபிகா ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, தொட்டில் எங்கே கட்டலாம் என்று உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டு அட்வான்ஸை நீட்டினான்.

டீப்பாயில் வைத்திருந்த போன் ஒளிர்ந்தது. ரயான். 'கிடைச்சுதா மச்சான்?'

ரகு போனைக் கவிழ்த்து வைத்தான்.

"ஆமா, இங்க வீடு இருக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டார் வைத்தீஸ்வரன்.

"ஆபீஸ்ல கூட வேலை பாக்கிற ஒருத்தர் சார்."

"நல்ல மனுஷன். என்ன பேரு?"

காலையிலிருந்து நாற்பது தடவை சொன்ன பேர்.

"புதுசா சேர்ந்தவர் சார்... பேரு ஞாபகம் வரல," என்றான் ரகு, குரல் மாறாமல்.