நாணலில் இல்லாத பறவை

இடுப்பெலும்பு முறிந்து கூடியபின், மூன்று வாரமாகச் சேற்றுக்குளியல் சிகிச்சை விடுதியில் சுடுசேற்றில் ஊறிக் கிடந்த வால்பூர்கா, சதுப்பின் மேல் ஏரிவரை நீளும் பலகைப் பாதையில் கைத்தடியூன்றி நடக்கிறாள். நாளை ஊர் திரும்ப வேண்டும். அதற்குள் தன் காலாலேயே நடந்து ஏரியை எட்டிவிட வேண்டும் என்பது அவள் பிடிவாதம். காலியான சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கணவன் கெப்ஹார்ட் வருகிறான். இருபுறமும் ஆளுயர நாணல். பலகைகளுக்கடியில் கறுத்த நீரில் காலை வெயில் நெளிகிறது. நாற்காலி பாதையை அடைத்துவிட்டதால் பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள்.

"பாவம், எல்லாரும் காத்துக் கெடக்காங்க. நாற்காலிய கொண்டா, உக்காந்துடறேன்," என்கிறாள் வால்பூர்கா.

அவர்களில் முன்னால் நிற்கும் தொப்பிக்காரர் சட்டென்று தொலைநோக்கியை உயர்த்துகிறார். "மெதுவாவே போங்கம்மா. நாங்க பறவை பாக்குறோம்."

உடனே எல்லா முகங்களும் நாணல் பக்கம் திரும்புகின்றன. தொலைநோக்கி இல்லாத பெண் ஒருத்தி நெற்றியில் கைகுவித்துப் பார்க்கிறாள். அங்கே ஒரு குருவிகூட இல்லை. இந்தப் பொய்யை ஆண்டவர் புன்னகையோடுதான் கேட்டிருப்பார்.

"உன் இடுப்பவிட என் கைதான் வலிக்குது," என்கிறான் கெப்ஹார்ட்.

"வாய மூடிட்டுத் தள்ளுய்யா."

தடி, கால், தடி, கால். கடைசிப் பலகை. அவள் கை பாதை முடிவிலுள்ள தடுப்புக் கம்பியைப் பற்றுகிறது. எதிரே ஏரி முழுதும் வெளிச்சம்.

"பறவை கெடச்சுதா?" என்று திரும்பாமலே கேட்கிறாள்.

"கெடச்சுதும்மா," என்கிறார் தொப்பிக்காரர். "இப்பத்தான் வந்து எறங்குச்சு."

அவள் தடியைக் கம்பியில் மாட்டிவிட்டு இரு கைகளையும் உயர்த்துகிறாள். எல்லோரும் கைதட்டுகிறார்கள். அந்தச் சத்தத்தில் ஏரியிலிருந்து நூறு வாத்துகள் படபடத்து எழும்புகின்றன. அவற்றை ஒருவரும் பார்க்கவில்லை.