கோயில் மணம்

"ஆயிரம் மைல் ஓடினா எண்ணெயை மாத்துங்கோ, ஐயா," என்று கார் திருத்தும் கராச்சுக்காரக் கலந்தர் சொல்லியிருந்தார். "விலையைப் பாத்துக் கண்டதையும் விடாதையுங்கோ. நல்ல எண்ணெயா விடுங்கோ."

அருளம்பலம் அப்படியே செய்தார். கறுத்துப்போன எண்ணெயைக் கீழே வடியவிட்டு, புதியதைத் தன் கையாலேயே ஊற்றினார். மலாயாவில் வேலை பார்த்த காலமெல்லாம், சொந்தக் காரில் மனைவியோடு கீரிமலைக் கோயிலுக்குப் போவதாகக் கனவு கண்டவர் அவர். இன்றுதான் அந்த நாள்.

விடியற்பனிக்குள் கார் மிதந்து போனது. சண்டிலிப்பாய் தாண்டியதும் ஒரு மணம் வந்தது.

"ஞானம், கோயில் விளக்கு மணக்குதெல்லே?"

"ஓம். ஆனா இஞ்சை கோயில் ஒண்டையும் காணேல்லையே," என்றாள் ஞானாம்பிகை.

"சாமி எங்களோடை வாறார்."

அவள் கண்ணை மூடிக் கைகூப்பினாள். மெல்லிய புகை சாம்பிராணி போல இருவரையும் சூழ்ந்தது. தரையில் ஓடுகிறோமா, வானத்தில் போகிறோமா என்றே அவருக்குத் தெரியவில்லை.

கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது.

ஆளனுப்பியதும் கலந்தர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். எஞ்சின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தவர் திகைத்துப் போனார்.

"ஐயா, என்னத்தை விட்டனீங்கள்?"

"நீர் சொன்னதைத்தான். செக்கடியிலை நிண்டு ஆட்டுவிச்ச அசல் நல்லெண்ணெய்!"

கலந்தர் தலையில் கைவைத்துக்கொண்டு வேலியோரம் குந்திவிட்டார். ஞானாம்பிகைக்குப் பொறுக்கவில்லை.

"எண்ணெயிலை ஒரு பிழையும் இல்லை, தம்பி. மிச்சத்திலைதான் நான் நேற்று வடை சுட்டனான்."