பேண்ட் போட்ட கொடும்பாவி

“பொம்மையை ஆள் உசரத்துக்குச் செய்யக்கூடாதுலே, செஞ்சா…” என்று தங்கச்சாமியின் பெரிய மாமா ஏதோ சொல்வார். செஞ்சால் என்ன ஆகும் என்பதுதான் தங்கச்சாமிக்கு மறந்துபோயிருந்தது.

அதனால் செய்துவிட்டார்.

நாக்பூரில் பார்த்த பேங்க் வேலையை விருப்ப ஓய்வில் விட்டுவிட்டு, நாகலாபுரம் பக்கத்தில் சொந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர், காலாண்டு லீவில் தெருப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பொம்மை நாடகம் போடக் கிளம்பினார். கட்டிலைச் சாய்த்து நிறுத்தி, வேட்டியைத் திரையாகக் கட்டியாயிற்று. ராஜா, ராணி, நரி எல்லாம் மக்காச்சோளக் கட்டையில் துணி சுற்றியவை. ஏப்பப் பூதம் மட்டும் ஆள் உயரம். வைக்கோல் திணித்த உடம்பு, ஓலைப்பெட்டித் தலை, தங்கச்சாமியின் பழைய ஆபீஸ் பேண்ட். கயிற்றை இழுத்தால் பெட்டி மூடி வாயாகத் திறக்கும். ஊரையே தின்றுவிட்டு ஏப்பம் விடும். அந்தக் கயிறு தங்கமாரி என்கிற சிறுமியின் பொறுப்பு. பத்து நாளாக அவள் தூக்கத்தில்கூட ஏப்பம் விட்டுப் பழகிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு சாயந்தரம் நாடகம். காலையில் தங்கச்சாமி ஜிகினாத்தாள் வாங்கக் கோவில்பட்டிக்கு பஸ் ஏறினார். மதியம் திரும்பினால் பூதத்தைக் காணோம்.

ஊர் மடத்துப் பக்கமிருந்து ஒப்பாரிச் சத்தம். யார் போய்விட்டார்களோ என்று பதறி ஓடினார்.

அங்கே பாடையில், கழுத்தில் மாலையோடு, பேண்ட் நுனிகள் இரண்டையும் சேர்த்துக் கட்டிப் படுத்திருந்தது அவருடைய பூதம். சுற்றிலும் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

“என்னப் பெத்த ராசா, பேண்ட்டு போட்ட மகராசா…” என்று இழுத்துக்கொண்டிருந்தாள் வெயிலுகந்தம்மாள். ஊரில் எந்தச் சாவுக்கும் முதல் குரல் அவளுடையதுதான்.

எப்போதும்வென்றான் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய ஒருவர், பூதத்தின் பேண்ட்டைப் பார்த்து செத்தது சர்க்கார் ஆள் என்று நினைத்தாரோ என்னவோ, கும்பிட்டுவிட்டு, “எப்பம் எடுக்காவ?” என்று தங்கச்சாமியிடமே கேட்டார்.

ஊர்த்தலைவர் சங்கரபாண்டியன் எழுந்து வந்தார். “வாங்க தம்பி. உங்களுக்காகத்தான் காத்துக் கெடக்கோம்.”

“என்ன அண்ணாச்சி இது?”

“கொடும்பாவி. புரட்டாசி முடியப் போவுது, ஒரு பொட்டு மழை இல்ல. கரிசக்காடு வாயைப் பொளந்து கெடக்கு. ஊர்ப் பாவத்தையெல்லாம் இது தலையில ஏத்தி, அழுது, தெருவெல்லாம் இழுத்துட்டுப் போயி எரிச்சாத்தான வானம் எறங்கும்.”

“அது பிள்ளைங்க நாடகத்துக்குச் செஞ்சது.”

“அதான் இம்புட்டு அம்சமா இருக்கு. நாங்க கட்டுனா கை ஒரு தெருவுல, கால் ஒரு தெருவுல கெடக்கும்.”

“சாயந்தரம் நாடகம் இருக்கு அண்ணாச்சி.”

“நல்லா நடத்துங்க. நாலு மணிக்கெல்லாம் எரிச்சிருவோம்.”

“பூதத்தை எரிச்சிட்டு என்னத்தை நடத்த?”

வெயிலுகந்தம்மாள் அழுகையை நிறுத்தித் திரும்பினாள். “பேசி ஒரு முடிவுக்கு வாங்கய்யா. தொண்டைத் தண்ணி வத்துது.” பதில் வருமுன் விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கிவிட்டாள்.

“இப்பம் பிரச்சினை நாடகம் இல்ல தம்பி,” என்றார் சங்கரபாண்டியன். “கொள்ளி வைக்க ஆளு இல்ல. எப்பவும் சோலைமுத்துதான் வைப்பான். அவன் மக தங்கமாரியைச் சித்தி வீட்டுல விட்டுட்டுப் பொண்டாட்டியோட திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிட்டான். மீசையை எடுக்கணும்னதும் இங்கன இருக்கவன் ஒருத்தனும் கிட்ட வர மாட்டேங்கான்.”

“உங்களுக்கும்தான் இருக்கு மீசை.”

“ஓட்டு கார்டுல நான் மீசையோட இருக்கேன். எடுத்தா கள்ள ஓட்டும்பாவ. நீங்கதான் வைக்கணும். பிள்ளை குட்டி இல்லாம போய்ச் சேர்ந்தவனுக்குப் பெத்தவன்தான வைக்கணும்.”

“நான் பெக்கலை. தைச்சேன்.”

“சாடை உங்க சாடையாத்தான் இருக்கு,” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

தங்கச்சாமிக்குப் பொறுக்கவில்லை. வெயிலென்று பாராமல் பிள்ளைகள் பசையும் கையுமாக உட்கார்ந்து ஒட்டியது.

“பிள்ளைங்க பொருளைத் திருடிட்டு வந்து மழை கேக்கீங்களே, வெக்கமா இல்ல?” என்று பூதத்தின் காலைப் பிடித்து இழுத்தார். வெயிலுகந்தம்மாள் தலையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பக்கமும் இழுத்ததில் பூதத்தின் வாய் ஆவென்று திறந்தது. பெண்கள் இன்னும் ஓங்கி அழுதார்கள்.

“பொணத்தை இழுக்காதீங்கய்யா. பாவம் புடிச்சிரும்.”

“யாரு தம்பி திருடுனா?” சங்கரபாண்டியனின் குரல் இறங்கியது. “நாங்க எங்க பாட்டுக்கு வைக்கோலைச் சுருட்டிக் கட்டிக்கிட்டு இருந்தோம். இதைத் தூக்கிட்டு வந்து போட்டவிய அந்தா நிக்காவ.”

மடத்துச் சுவரோரம் நாடகக்கோஷ்டி மொத்தமும் நின்றுகொண்டிருந்தது. தங்கமாரி மட்டும் முன்னால் வந்தாள்.

“ஏட்டி, உங்களைக் கேக்காம எடுத்துட்டாவளா?” என்றார் தங்கச்சாமி.

“நாங்கதான் மாமா குடுத்தோம். அவிய கட்டுனது நல்லாவே இல்ல. அதுக்கெல்லாம் மழை வராது.”

“அப்பம் நாடகம் வேண்டாமா?”

“வேணும். மழை பேஞ்சாத்தான எங்க அப்பாவும் அம்மாவும் விதைக்க வருவாவ. இவன் அப்பா, அந்தப் பிள்ளையோட அம்மா, எல்லாரும் வருவாவ. வந்தப்புறம் போடுவோம் மாமா.”

தங்கச்சாமி பூதத்தின் காலை விட்டார். சட்டையைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு, மீசையை எடுக்கச் சொல்லித் தரையில் உட்கார்ந்தார்.