பெயர் போடாத கேள்வி

“இதை எழுதியவர் எழுந்து நிற்கட்டும். பிறகு பதில் சொல்கிறேன்.”

நகரசபை உறுப்பினர் போவுல் ஒலிவாங்கியை மேசையில் வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார்.

மண்டபத்தில் இருநூறு பேர். யாரும் எழவில்லை.

நகரசபைத் தேர்தலுக்கு இன்னும் ஐந்து நாட்கள் இருந்தன. வேட்பாளர்களைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்தது மாணவர் விவாதக் குழு. வந்திருந்தவர்களிடம் கேள்விகளைச் சீட்டில் எழுதி வாங்கியதும், பெயர் போட வேண்டாம் என்று அறிவித்ததும் அந்தக் குழுதான். கூட்டத்தை நடத்திய நிலக்சிக்குப் பதினேழு வயது. வாக்குப் போட இன்னும் ஒரு வருடம் கிடந்தது.

அவள் கையிலிருந்த சீட்டில் டெனிஷ் மொழியில் இரண்டே வரிகள். எல்லாம் பெரிய எழுத்துகள், நிறையப் பிழைகள்.

சனி ஞாயிறுகளில் முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு பேருக்கு ஒரு ஆள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் விழுந்தால் யாரை முதலில் தூக்குவது?

அவள் அதை வாசித்தபோது சிலர் சிரித்தார்கள். பிழைகளையும் பிழைகளாகவே வாசித்திருந்தாள்.

போவுல் சிரிக்கவில்லை. முதியோர் பராமரிப்புக் குழுவின் தலைவர் அவர்தான்.

“அங்கே வேலை செய்கிற யாரோ எழுதியது. குறை இருந்தால் மேலாளரிடம் சொல்லலாமே. அந்தச் சீட்டைக் கொடு, பார்க்கிறேன்.”

கையை நீட்டினார்.

மேடைக்குக் கீழே நின்ற ஆசிரியை, அடுத்த கேள்விக்குப் போகும்படி விரலைச் சுழற்றிக் காட்டினார்.

நிலக்சி அதைக் கண்டாள். காணாதவள்போல் திரும்பிக்கொண்டாள்.

இரண்டு வருடங்களாக அந்தக் குழு அவளுக்குக் கற்றுத் தந்தது நன்றாகப் பேசுவதை மட்டுமல்ல. கேள்வி கேட்டவரைத் தாக்குகிறவரிடம் பதில் இல்லை என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டாள். ஆனால் வகுப்பறையில் எதிரே நிற்பவன் இன்னொரு மாணவன். தோற்றாலும் வென்றாலும் பிறகு ஒன்றாக இருந்து சாப்பிடுவார்கள். இங்கே எதிரே நின்றவரால் ஒருவருடைய வேலையை இல்லாமல் செய்ய முடியும்.

அவள் சீட்டை நான்காக மடித்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்தாள்.

“வாக்குச்சீட்டிலும் பெயர் எழுதுவதில்லை” என்றாள். “அதை நீங்கள் வாங்கிக்கொள்கிறீர்கள்தானே? இதற்கும் பதில் சொல்லுங்கள்.”

போவுல் ஒலிவாங்கியைத் தொடவில்லை.

அவள் அடுத்த கேள்வியை எடுக்கவில்லை. நேரம் காட்டும் கடிகாரத்தையும் நிறுத்திவிட்டாள். ஒலிவாங்கியை எடுத்து அவருக்கு நேரே பிடித்தபடி நின்றாள். கை நோகத் தொடங்கியது. அப்படியும் இறக்கவில்லை.

பின்வரிசை மாணவர்களில் ஒருவன் காலால் தரையைத் தட்டினான். பக்கத்திலிருந்தவனும் தட்டினான். கொஞ்ச நேரத்தில் மண்டபமே தட்டியது.

போவுல் ஒலிவாங்கியை வாங்கினார்.

“சனி ஞாயிறுகளில் ஒருவர்தான்” என்றார். “அது போதாது.”

முன்வரிசையில் இருந்த உள்ளூர்ப் பத்திரிகைக்காரி அதை எழுதிக்கொண்டாள்.

வீடு திரும்பும்போது காரை ஓட்டிய அம்மா மாக்கிரட் வாயே மூடவில்லை. அவள் முழு விவாதத்தையும் கடைசி வரிசையில், குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல் இருந்து பார்த்திருந்தாள்.

“வந்த நாட்டிலை வாயைக் குடுக்காதை எண்டு எத்தினை தரம் சொன்னனான்? அந்தாள் நாளைக்கும் கதிரையிலைதான் இருக்கும். நீ ஏன் போய்க் கொழுவினனி?”

கேள்விச்சீட்டுகளைக் கிழித்து எறிந்துவிட வேண்டும் என்பது குழுவின் விதி. நிலக்சி பைக்குள் கிடந்ததை வெளியே எடுத்தாள். கிழிக்கப் போனபோது அதன் பின்பக்கம் கண்ணில் பட்டது.

பின்பக்கம் தமிழில் இருந்தது.

ஹேர்னிங் தமிழ்க் கடை. முருங்கைக்காய். இடியப்ப மா. நெத்தலி.

அம்மா அந்த முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்து பதினொரு வருடங்கள். ஒரு நாளாவது வீட்டில் அதைப் பற்றிக் குறை சொன்னதில்லை.

நிலக்சி சீட்டைச் சிறு சிறு துண்டுகளாகக் கிழித்தாள். வழக்கமாக அம்மாவுக்கு டெனிஷ் மொழியில்தான் மறுமொழி சொல்வாள். அன்று தமிழில் கேட்டாள்.

“அம்மா, முருங்கைக்காய் வாங்கியாச்சோ?”



சுற்றுவட்டத்தில் திரும்ப வேண்டிய பாதையைத் தவறவிட்டு, மாக்கிரட் இன்னொரு தரம் சுற்றி வந்தாள்.